அப்பா அதில் நடிக்கவில்லை

பார்சலோனா,
பிப்ரவரி 1971

என் அன்பு மகள் ரொசேருக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிரில் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் இதை ஆரம்பிக்கிறேன். எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. அப்பாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முன் நீ போட்ட கடிதம் கிடைத்தது. கொலோனில் சினிமாக் கொட்டகை வாசலில் அப்பாவின் முகத்தை ஆள் உயரத்துக்கு வரைந்து வைத்திருந்ததையும், தொழிற்சாலைத் தோழிகளை எல்லாம் இழுத்துக்கொண்டு போய் நீ படம் பார்த்ததையும், அந்தக் காட்சியில் ஜெர்மன்காரிகள்கூடக் கைக்குட்டையை எடுத்ததையும் எழுதியிருந்தாய். "அப்பாவுக்கு இப்படி நடிக்கத் தெரியும் என்று நம் யாருக்குமே தெரியாமல் போயிற்றே!" என்று ஒரு வரி. அந்த வரியை மட்டும் அவருக்கு நான் படித்துக் காட்டவில்லை. குழந்தைக்குப் பல் முளைத்த இடத்தை இரண்டு முறை படித்தேன்.

பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நீளமாக எழுதிப் பழக்கமில்லாதவள் நான். நம் வீட்டில் எழுதுகிறவன் உன் அண்ணன் ஃபெர்மின் ஒருவன்தான். ஆனால் இதை அவன் எழுதுவதற்கு முன்னால் நான் எழுதியாக வேண்டும். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். சிலது நடந்தபோது நீ சின்னக் குழந்தை. சிலதை உனக்கு நாங்கள் சொல்லவில்லை.

உள்நாட்டுப் போர் முடிந்ததும் ஜெயித்தவர்கள் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பது உனக்குத் தெரியும். தொழிற்சங்கப் பத்திரிகைக்கு அச்சுக் கோத்தார் என்பதற்காக மரண தண்டனை கொடுத்தார்கள். சிறையில் விடியும் முன்னால் ஒருவன் நடைவழியில் நின்று பெயர்களை வாசிப்பானாம். அவரவர் அப்பா வழிப் பெயர், அம்மா வழிப் பெயர் சேர்த்து முழுப் பெயராக. பெயர் வந்தவன் ஓர் அடி முன்னால் வர வேண்டும். அவர்களை லாரியில் ஏற்றிக் கடற்கரைச் சுவருக்குக் கொண்டுபோவார்கள். ஒரு நாள் உன் அப்பாவின் பெயரும் வந்தது. சுவர் வரைக்கும் போனார். துப்பாக்கிகளைத் தூக்கிய பிறகுதான், இவருடைய தண்டனை குறைக்கப்பட்ட உத்தரவு முதல் நாளே வந்துவிட்டது என்று யாரோ ஓடிவந்து சொன்னார்களாம். இவரை மட்டும் அதே லாரியில் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

அதனால்தான் நம் வீட்டில் யாரும் அவர் பெயரை இசித்ரோ மொன்தானே ரிபேஸ் என்று முழுதாகச் சொல்வதில்லை. டாக்டர் வீட்டில் பெயர் கூப்பிடுவதற்கு முன்பே நான் உள்ளே போய்ச் சொல்லிவிடுவேன். அச்சகத்தில் "கண்ணாடி" என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளி தோன் கைதானோகூட "கண்ணாடி எங்கே?" என்பார். இதெல்லாம் நீயும் உன் அண்ணனும் பால் குடிக்கும்போதே கற்றுக்கொண்டது. யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை.

அந்தத் தோன் கைதானோவிடம் ஃபெர்மினைக் கூட்டிக்கொண்டு போனவர் அப்பாதான். பையனுக்கு அப்போது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. "உங்க பையன் குதிரை பாத்திருக்கானா?" என்று கேட்டாராம் முதலாளி. "பால் வண்டியில பாத்திருக்கான்" என்றாராம் அப்பா. "அது போதும்" என்று வேலை கொடுத்துவிட்டார். வெஸ் கார்மடி என்று அமெரிக்கப் பெயர் வைத்தார். வாரத்துக்கு ஒரு கௌபாய் நாவல். கடைகளில் சட்டைப் பைக்குள் அடங்கும் அளவில் விற்கும். படித்து முடித்தவர்கள் கொண்டுவந்து கொடுத்து வேறு ஒன்றை மாற்றிக்கொண்டு போவார்கள்.

அந்த நாட்கள் நல்ல நாட்கள், ரொசேர். சமையலறை மேஜையில் டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே அடிப்பான். "அம்மா, தேள் கொட்டினா ஒருத்தன் எவ்வளவு நேரத்துல சாவான்?" என்பான். "சூப் ஆறுறதுக்குள்ள சாகச் சொல்லு, மேஜை வேணும்" என்பேன். அவன் எழுதியதை அப்பாதான் அச்சுக் கோப்பார். மாலையில் வந்து, "டேய், நாலாம் அத்தியாயத்துல செத்தவன் ஏழாம் அத்தியாயத்துல குதிரை ஏறுறான்" என்பார். "அவன் செத்தது குதிரைக்குத் தெரியாதுப்பா" என்பான் இவன். அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். சிறையிலிருந்து வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்ததை நான் கேட்டது அப்போதுதான்.

பிறகு கீழ்வீட்டு அசுன்தா விஷயம் வந்தது. அவள் புருஷன் போரில் செத்ததாகத்தான் ஊருக்குச் சொல்லியிருந்தாள். உண்மையில் அவன் பிரான்ஸில் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தான். என் சமையலறையில் உட்கார்ந்து அவள் அழுதபோது உன் அண்ணன் அடுத்த அறையில் இருந்தான். இரண்டு வாரத்தில் வெஸ் கார்மடியின் புது நாவலில் ஒரு போலி விதவை வந்தாள். கறுப்பு உடுப்புக்கு மாதாமாதம் புதுசாகச் சாயம் போடுகிறவள். அசுன்தா சாயம் போட்டுத்தான் உடுத்துவாள் என்பது தெருவுக்கே தெரியும். பெண்கள் அவள் முதுகுக்குப் பின்னால், "இந்த மாசம் சாயம் காஞ்சுதா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவள் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள். நான் அவனைத் திட்டினேன். "பேரை மாத்திட்டேனே அம்மா, இன்னும் என்ன செய்யணும்?" என்றான். குறும்பாகச் சொல்லவில்லை. அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

அதற்குப் பிறகு ரோமிலிருந்து பிரோவானோ என்ற தயாரிப்பாளர் வந்தார். தெற்கே அல்மெரியாவில் மலையும் மணலும் இருக்கிறது, வெயில் சும்மா கிடைக்கிறது, அமெரிக்கா எதற்கு என்று எல்லோரும் அங்கே கௌபாய்ப் படம் எடுக்கக் கிளம்பிய சமயம். நாவல் எழுதும் வேகத்தில் திரைக்கதை எழுதுகிறவன் வேண்டும் என்று இவனைப் பிடித்துக்கொண்டார். நாலைந்து படங்கள் எழுதினான். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து, "நான் எழுதினதை டைரக்டர் கெடுத்துட்டான்" என்பான். கடைசியில் அவனே டைரக்டர் ஆனான். முதல் படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. இரண்டாவது படத்தில் கல்யாண உடுப்போடு குதிரைவண்டி நிலையத்தில் மாப்பிள்ளைக்காகக் காத்திருக்கும் பெண் ஒருத்தி வருவாள். மாப்பிள்ளை வரமாட்டான். அன்று நீ எண்ணியது போலவே அவள் உடுப்பின் பொத்தான்களை எண்ணிக்கொண்டிருப்பாள். நீ பக்கத்து இருக்கையில் இருந்தாய். கொட்டகையே சிரித்தது. அடுத்த மாதம் ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறேன் என்றாய். ஏன் என்று நீ சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

இனி அல்மெரியாவுக்கு வருகிறேன்.

மூன்றாவது படம் மெக்ஸிகோவில் நடக்கும் கதை. புரட்சி, ராணுவம், கிராமம். சென்ற வருடம் வசந்தத்தில் அண்ணன் வந்து, "அப்பா, சும்மா ரெண்டு நாள் வாங்க. மாதா கோவில் வளைவுக்குக் கீழே நிழல்ல உக்காந்து ஆரஞ்சு உரிக்கிற கிழவர். அவ்வளவுதான் உங்க வேஷம். அம்மாவும் கடல் பாக்கட்டும்" என்றான். அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. ரயிலில் வழியெல்லாம் ஜன்னலை விட்டு நகரவில்லை. அங்கே பலகையால் கட்டி வைத்த ஊரைப் பார்த்ததும் பாங்க் கதவைத் தட்டினார், சலூன் கதவைத் தள்ளினார், பின்னால் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "எவுலாலியா, இத்தனை வருஷம் இந்த ஊருக்கு அச்சுக் கோத்திருக்கேன், இன்னிக்குத்தான் குடிவந்திருக்கேன்" என்றார். வெள்ளைப் பருத்திச் சட்டையும் கால்சட்டையும் கொடுத்தார்கள். வைக்கோல் தொப்பி. நிஜமாகவே அழகாக இருந்தார்.

அன்று கிராமத்து ஆட்களைச் சுவரோரம் நிறுத்திச் சுடும் காட்சி. சாகப்போகிறவனாக நடிக்க ரோமிலிருந்து ஒரு நடிகர் வந்திருந்தார். நல்ல மனிதர். எனக்குக் குடை பிடித்தார். ஆனால் அவர் எப்படிச் செய்தாலும் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "உங்களை சுடப் போறாங்க, ஐயா. பல்லு வலிக்கிற மாதிரி நிக்கறீங்க!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினான். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பிரோவானோ கடிகாரத்தைக் காட்டினார். இவன் தலையில் கைவைத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தான். வளைவுக்குக் கீழே அப்பா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் உடுப்புப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் அப்பாவிடம் போய்க் குனிந்து பேசியது காதில் விழுந்தது. "அப்பா, ஒரு நிமிஷம் அந்தச் சுவர் பக்கம் நில்லுங்க. சும்மா வெளிச்சம் பாக்கணும்." அப்பா சுவரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "இந்த ஆரஞ்சை எங்கே வைக்கிறது?" என்றார். "எங்கிட்டக் கொடுங்க" என்று அவனே வாங்கிக்கொண்டான். பிறகு ராணுவ அதிகாரி வேஷக்காரரிடம் போய் ஏதோ காதில் சொன்னான். காமிரா ஓடிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது.

துப்பாக்கிக்காரர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். அந்த அதிகாரி நிமிர்ந்து நின்று உரக்கக் கூப்பிட்டார். "இசித்ரோ மொன்தானே ரிபேஸ்!"

அப்பா ஓர் அடி முன்னால் வந்தார்.

ரொசேர், அவர் ஒன்றும் யோசிக்கவில்லை. கால் தானாக வந்தது. பிறகு கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். என்னைத் தேடினார். நான் அங்கேதான் இருந்தேன், நேராக என்னைப் பார்த்தார், ஆனால் நான் அவருக்குத் தெரியவில்லை. உன் தோழிகள் அழுதது அந்தப் பார்வைக்குத்தான். வெள்ளைக் கால்சட்டை நனைந்து, ஈரம் கால் வழியாக இறங்கியது. அது படத்தில் இருக்காது, காமிரா முகத்தை மட்டும்தான் எடுத்தது. துப்பாக்கிகள் வெடித்தன. வெற்று வெடிதான். அப்பா விழவில்லை. விழ வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே. அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணன் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு அழுதான். "அப்பா, அற்புதம்! அற்புதம்!" என்றான். நான் எழுந்து போவதற்குள், "இன்னொரு தடவை, பக்கவாட்டுல" என்று காமிராக்காரரிடம் சொல்வது கேட்டது. நான் போய் அப்பாவின் கையைப் பிடித்தேன். உன் அண்ணன் என்னிடம், "அம்மா, கொஞ்சம் தள்ளு, அவர் மேல உன் நிழல் விழுது" என்றான். அந்த ரோம் நடிகர்தான் தன் கோட்டை எடுத்து அப்பாவின் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டார்.

நீ பார்த்த படத்தில் அந்தப் பெயர் வராது. குரலையெல்லாம் பிற்பாடு ஸ்டுடியோவில் சேர்ப்பார்களாம். அங்கே ஏதோ மெக்ஸிகோப் பெயரைப் போட்டுவிட்டார்கள். நம் அப்பாவின் பெயர் படத்துக்குத் தேவைப்படவில்லை. அந்த முகம் வருவதற்கு மட்டும் தேவைப்பட்டது.

படம் ஓடியது உனக்குத் தெரியும். இத்தாலியில் பரிசு கொடுத்தார்கள். இதுவரை அவனைக் குப்பை எழுதுகிறவன் என்ற பத்திரிகைகளே, எங்கிருந்தோ ஒரு சாதாரணக் கிழவரைக் கண்டுபிடித்து இப்படி நடிக்க வைத்த மேதை என்று எழுதின. பரிசை எடுத்துக்கொண்டு கேக்கோடு வந்தான். பரிசை அப்பாவின் மடியில் வைத்தான். அப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "கனமா இருக்கே" என்றார். அவ்வளவுதான். அல்மெரியாவிலிருந்து வந்த பிறகு அப்பா அவனிடம் பேசிய ஒரே பேச்சு அது.

இப்போது அப்பா எப்படி இருக்கிறார் என்று சொல்கிறேன். இருட்டில் எழுந்துவிடுகிறார். சவரம் செய்துகொள்கிறார். கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டு, கோட்டு மாட்டி, ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு வாசல் கதவைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். கூப்பிட்டால் திரும்புவதில்லை. வெளிச்சம் வந்து, மேல்வீட்டுக் குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்குப் படியிறங்கும் சத்தம் கேட்ட பிறகு கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, "காப்பி இருக்கா?" என்கிறார். அதற்குப் பிறகு பகல் முழுவதும் சாதாரணமாக இருக்கிறார், பேச்சு மட்டும் குறைவு. அடுத்த நாள் மறுபடியும். டாக்டர் தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டும் எழுந்துவிடுகிறார். தள்ளாடிக்கொண்டே சவரம் செய்து முகத்தை வெட்டிக்கொண்டார். அதோடு நான் நிறுத்திவிட்டேன்.

இதைக் கேள்விப்பட்டு ஃபெர்மின் விடியும் நேரத்தில் வர ஆரம்பித்தான். அப்பாவுக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பான். பிள்ளைக்கு உறைத்துவிட்டது என்று நினைத்தேன். உள்ளே போய் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். ஒரு நாள் காப்பி கொண்டுவந்தபோது, "அம்மா, நாற்காலியைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பிப் போடலாமா?" என்றான். அவருக்குக் காற்று வரட்டும் என்றுதான் கேட்கிறான் என்று திருப்பிப் போட்டேன். இன்னொரு நாள், "எந்தக் கால் ஷூவை முதல்ல போடறார்?" என்றான். அப்போதுதான் கையை நீட்டி, விரல்களால் காமிராச் சட்டம் மாதிரி பிடித்து, அதன் வழியாக அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன்.

மறைக்கவே இல்லை. ஆசை ஆசையாகச் சொன்னான். "இத்தனை வருஷம் குதிரையும் துப்பாக்கியும்னு குப்பையா எழுதினேன் அம்மா. இதுதான் என் முதல் நிஜமான கதை. செட்டு வேண்டாம், நம்ம வீட்லயே எடுக்கப்போறேன். அப்பாவே நடிப்பார்" என்றான். "அவர் நடிக்கலைடா" என்றேன். "அதான் அம்மா! அதான் வேணும்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். கொஞ்ச நேரம் கழித்து, "முடிவு மட்டும் கிடைக்கலை. கடைசியில யாராவது வந்து கதவைத் தட்டணும். யாரு தட்டறதுன்னு யோசிச்சிட்டிருக்கேன்" என்றான். அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

நான் சத்தம் போடவில்லை, ரொசேர். சத்தம் போட்டால் அதையும் சேர்த்துக்கொள்வான். அவன் நாவல்களை எல்லாம் முதலில் படித்தவள் நான். கதை கட்டுவது எனக்கும் கொஞ்சம் வரும் என்று அன்றுதான் தெரிந்தது. "அப்பாவுக்கு ஜெர்மனி போய்ப் பேரனைப் பாக்கணும்னு ஆசைடா. அந்தக் கொட்டகையில அவரை மேடையேத்தி மாலை போடுவாங்களாம், ரொசேர் எழுதியிருக்கா. பத்திரிகைக்காரங்கள்லாம் வருவாங்களாம்" என்றேன். மேடை என்றதும் அவன் முகம் மலர்ந்தது. சிறைக்குப் போன மனிதருக்குப் பாஸ்போர்ட் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். அவன் யார் யாரையோ பார்த்து வாங்கிவிட்டான். அலுவலகத்தில் பெயர் கூப்பிடுவார்களே என்று நான் பயந்தேன். அதிகாரியை வீட்டுக்கே அழைத்துவந்து கையெழுத்து வாங்கவைத்தான். போய்விட்டு ஈஸ்டருக்குள் வந்துவிடுங்கள், படப்பிடிப்பு இருக்கிறது என்று சொல்லியிருக்கிறான்.

நாங்கள் திரும்பப் போவதில்லை. தையல் மெஷினை விற்றுவிட்டேன். பாத்திரங்களை மேல்வீட்டுக்காரிக்குக் கொடுத்தேன். அந்த நாற்காலியைக் கீழே கரிக்கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். அது இல்லாவிட்டால் பழக்கம் விட்டுப்போகும் என்று நினைத்தேன். அப்பா இப்போது நின்றுகொண்டு காத்திருக்கிறார். கோட்டு மாட்டிக்கொண்டு, சுவரில் சாயாமல்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி ஏறுகிறோம். எல்லையில் இறங்கி வண்டி மாறியதும் தந்தி கொடுக்கிறேன். உங்கள் வீடு சின்னது என்று எழுதியிருக்கிறாய். எங்களுக்குச் சமையலறை ஓரம் போதும், நான் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன். மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறு அறை பார்த்து வை. நான் வேலைக்குப் போகிறேன், எனக்கு இஸ்திரி போடத் தெரியும். அந்த ஊரில் காலையில் யார் எந்த நடைவழியில் நின்று எதைக் கத்தினாலும் அப்பாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது. அந்த ஒன்றுக்காகத்தான் இந்த வயதில் வருகிறேன்.

அண்ணன் உனக்குப் போன் செய்வான். விலாசம் கேட்பான். கொடுக்காதே. மிரட்டினால் நீ கொடுக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அவன் அழுதால்தான் எனக்குப் பயம். அழுவான், ரொசேர். நிஜமாகவே அழுவான். அழும்போதே தான் எப்படி அழுகிறோம் என்று கவனித்துக்கொண்டிருப்பான். நீ என்ன சொன்னாலும் அது ஒருநாள் திரையில் வரும். அதனால் ஒன்றும் சொல்லாதே. சாப்பிட்டாயா என்று மட்டும் கேள். என்ன பதில் சொன்னான் என்பதை எனக்கு எழுதி வை, நான் வந்து படித்துக்கொள்கிறேன். பிறகு போனை வைத்துவிடு.

கடவுள் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும்.

உன் அம்மா,
எவுலாலியா